வேலையற்ற கைகள் அச்சிட்ட சுவரொட்டிகள்

(படிப்பக ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



'கலையும் அரசும்' என்ற பொருள்பற்றிப் பேச வேண்டுமென்று படிப்பகத்தார் என்னைப் பணித்தார்கள். பெரிய தலைப்பு. பெரியவர்கள் பலர் பேசிப் பேசி அலுத்த தலைப்புங்கூட. அவ்வளவு உயரத்தில் நான் ஏறப்போவதில்லை. ஒரு காகிதத்தைப்பற்றி மட்டும் பேசப்போகிறேன். 14 அங்குல அகலம், 22 அங்குல உயரம். ஒட்டப்படுவதற்கென்றே பிறந்து, ஒரு வாரத்தில் கிழிபடுவதற்கென்றே வாழும் காகிதம். சுவரொட்டி!

சுவரொட்டிபற்றிப் பேச என்னைவிடத் தகுதி படைத்தோர் இந்த மன்றத்திலே நிறைய இருக்கிறீர்கள். மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, வாளியிலே நிரப்பி, ஊர் உறங்கும் நேரத்தில் ஒருவர் ஏணி பிடிக்க மற்றவர் ஒட்ட, விடியுமுன்னர் வீடு திரும்பியவர்கள் நீங்கள். பொழுது புலர்ந்து பார்த்தால், ஒட்டியதன்மீது வேறொருவர் ஒட்டிவிட்டுப் போயிருப்பதைக் கண்டு வயிறெரிந்தவர்களும் நீங்களே! ஆகவே, சுவரொட்டியின் வாழ்வு எத்துணைக் குறுகியது என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நான் சொல்லப்போகும் சுவரொட்டிகளை ஒட்டியது எந்தக் கட்சியும் அன்று. அச்சிட்டது ஓர் அரசு. அச்சிட்ட கைகளோ வேலையற்றோர் கைகள். அழைத்த இடம் நாடகக் கொட்டகை. நடந்த நாடு அமெரிக்கா. காலம், 1935 முதல் 1939 வரை. டாலர் நாடு, தனி முதலாளிகளின் தாயகம் என்று சொல்லப்படும் அந்த நாட்டிலா இது நடந்தது என்று வியப்பீர்கள். அங்கேதான் நடந்தது. எப்படி நடந்தது, ஏன் நாலே ஆண்டில் நின்றது என்பதுதான் கதை.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. சரிந்தது சந்தை மட்டுமா? தொழிற்சாலைக் கதவுகள் மூடின. வங்கிகள் ஆயிரக்கணக்கில் நொடித்தன. 1933-ஆம் ஆண்டு வந்தபோது, உழைக்க வல்லவர் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் பேர்! விளைந்த கோதுமைக்கு விலையில்லை. பசித்த வயிற்றுக்கு ரொட்டியில்லை. கொள்வாரில்லை என்று பன்றிகளை இலட்சக்கணக்கில் கொன்று விலையை உயர்த்தப் பார்த்தார்கள் ஒரு பக்கம். இலவசக் கஞ்சிக்கு வரிசையிலே நின்றார்கள் மறுபக்கம்.

அந்த வரிசையில் கொல்லனும் தச்சனும் நின்றார்கள் என்பதை எல்லோரும் அறிவார்கள். நடிகனும் நின்றான் என்பதைத்தான் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவனுக்கு இரண்டு அடி. 1927-க்குப்பின் பேசும் படம் வந்தது. ஊர் ஊராக இருந்த நாடக மேடைகள் படக் கொட்டகைகளாக மாறின. ஊமைப் படத்துக்கு இசை கூட்டிய வாத்தியக்காரர்கள், திரைக்கு முன்னே கூத்தாடிச் சிரிக்க வைத்தவர்கள், திரைச்சீலை தீட்டியவர்கள், ஆடை தைத்தவர்கள் யாவரும் தெருவுக்கு வந்தார்கள். அதன்பின் வந்தது மந்தம். முதல் அடியில் தள்ளாடியவன் இரண்டாம் அடியில் விழுந்தான்.

1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் பதவியேற்றார். 1935-இல் வேலையற்றோருக்கு வேலை தருவதற்கென்று ஒரு பெரும் அமைப்பை நிறுவினார். வேலை முன்னேற்ற ஆணையம் என்று பொருள்படும் அதன் பெயரை, மூன்று எழுத்தாக்கி டபிள்யு.பி.ஏ. என்றே மக்கள் வழங்கினர். பொறுப்பாளர் ஹாரி ஹாப்கின்ஸ். சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள், பள்ளிக்கூடம் எழுப்பினார்கள். அதையெல்லாம் எவரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஹாப்கின்ஸ் அதோடு நிற்கவில்லை. ஓவியனுக்கும் இசைவாணனுக்கும் எழுத்தாளனுக்கும் நாடகக்காரனுக்கும் அவரவர் தொழிலிலேயே வேலை என்றார். பிடில் வாசித்தவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால், அந்தக் கை பிறகு பிடிலுக்கு உதவுமா? கலைஞனுக்கு எதற்குச் சர்க்கார் பணம் என்று முணுமுணுத்தவர்களிடம், மற்றவர்களைப்போல அவர்களும் உண்ணத்தானே வேண்டும் என்று கேட்டாராம். தத்துவ விசாரணை ஏதுமில்லை, வயிற்றுக் கணக்கு. எனக்கு அந்த விடை பிடித்திருக்கிறது.

நாடகப் பிரிவுக்கு ஹாலி பிளானகன் என்ற அம்மையாரைத் தலைமைக்கு அழைத்தார். வாசர் கல்லூரியில் நாடகம் கற்பித்தவர். அயோவா மாநிலத்துக் கிரின்னல் கல்லூரியில் ஹாப்கின்ஸோடு ஒரே காலத்தில் படித்தவர். ஐரோப்பிய நாடுகளுக்கும் ரஷ்யாவுக்கும் சென்று அங்குள்ள நாடக மேடைகளை ஆராய்ந்து நூல் எழுதியவர். இந்த ரஷ்யப் பயணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். 1935 ஆகஸ்டில் அம்மையார் பொறுப்பேற்றார். கூட்டரசு நாடகத் திட்டம் பிறந்தது.

பத்துப் பேரில் ஒன்பது பேர் நிவாரணப் பட்டியலில் இருந்தே வரவேண்டும் என்பது விதி. அதாவது, நேற்றுவரை மேடையிலே மன்னனாக நின்றவன், இன்று நிவாரண அலுவலகத்தில் அமர்ந்து, 'எனக்கு ஏதுமில்லை' என்று மெய்ப்பிக்க வேண்டும். வறுமைக்குச் சான்றிதழ் வாங்கினால்தான் வேடம் கிடைக்கும்! இந்த இழிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுபுறம், நியூயார்க்கில் வாரம் சுமார் 23 டாலர் கூலி தவறாமல் வந்தது. உச்சத்தில் 12,000-க்கு மேற்பட்டோர் வேலை பெற்றனர். பெருநாடகம், குழந்தை நாடகம், பொம்மலாட்டம், சர்க்கஸ், இத்திய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் நாடகங்கள், பத்துக்கு மேற்பட்ட நகரங்களில் கறுப்பின மக்களுக்கெனத் தனி நாடகப் பிரிவுகள் என விரிந்தது திட்டம். பெரும்பாலான காட்சிகளுக்குக் கட்டணமே இல்லை. கட்டணம் இருந்த இடத்திலும் பெரும்பாலும் ஒரு டாலருக்குக் கீழ். அதுவரை நாடகமே பார்த்திராத மனிதர்கள் இலட்சக்கணக்கில் கொட்டகைக்குள் வந்தார்கள்.

வந்தார்களென்றால், எதைப் பார்த்து வந்தார்கள்? இங்கேதான் நம் காகிதம் வருகிறது.

தனியார் கொட்டகைக்குப் பத்திரிகையில் விளம்பரம் செய்யப் பணமுண்டு. வேலையற்றோர் நாடகத்துக்கு ஏது? நகரத்துக்கு நகரம் சுவரொட்டிக் கூடங்கள் திறந்தார்கள். 1938-க்குள் 18 மாநிலங்களில் இருந்தன. பெரியவை நியூயார்க்கிலும் சிகாகோவிலும். நியூயார்க் கூடத்துக்கு ரிச்சர்ட் பிளோத்தி என்ற ஓவியர் பொறுப்பு. தொடக்கத்தில் ஒவ்வொரு சுவரொட்டியையும் தூரிகையால் தனித்தனியே தீட்டினார்களாம். எண்ணிப் பாருங்கள், நூறு சுவருக்கு நூறு முறை ஒரே படம்! அந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார் அந்தோணி வெலோனிஸ் என்ற இளைஞர். கிரேக்கப் பெற்றோரின் மகன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை அச்சிடுவோர் கையாண்ட ஒரு முறையை அவர் அறிந்திருந்தார். பட்டுத் திரை அச்சு. நம் அச்சகத்தார் ஸ்கிரீன் பிரிண்டிங் என்று சொல்கிறார்களே, அதுவே.

தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஒரு மரச் சட்டம். அதில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பட்டுத் துணி. எங்கே வண்ணம் படக்கூடாதோ, அங்கே துணியின் கண்களைப் பசையிட்டு அடைத்துவிடுவார்கள். கீழே காகிதம். மேலே வண்ணத்தை ஊற்றி, ரப்பர் பட்டை வைத்த கட்டையால் ஒரு இழுப்பு. அடைபடாத கண்கள் வழியே வண்ணம் இறங்கிக் காகிதத்தில் படியும். ஒரு வண்ணத்துக்கு ஒரு சட்டம். நாலு வண்ணமென்றால் நாலு சட்டம், நாலு இழுப்பு. விலையுயர்ந்த யந்திரம் வேண்டாம், ஈயம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மரம், துணி, பசை, மை, கை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் அச்சிட முடிந்தது. கைத்தொழிலாகவும் இருந்தது, பலர் கூடிச் செய்யவேண்டியதாகவும் இருந்தது. வேலை கொடுப்பதே நோக்கமான ஒரு திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் வேறென்ன கிடைக்கும்! வெலோனிஸ் இந்த முறையை விளக்கிச் சிறு நூலொன்றும் எழுதினார். அது மற்ற நகரங்களின் கூடங்களுக்கும் போயிற்று.

அந்த முறைதான் அந்தச் சுவரொட்டிகளுக்கு முகத்தையும் கொடுத்தது. மெல்லிய நிழலும் குழைந்த வண்ணமும் பட்டுத் திரையில் எளிதில் வாரா. ஆகவே தட்டையான வண்ணப் பரப்புகள்; கத்தியால் வெட்டினாற்போன்ற விளிம்புகள்; தெருமுனையிலிருந்தே படிக்கத்தக்க தடித்த எழுத்துக்கள். ஒரு சுவரொட்டியில் மூன்று வண்ணம், நாலு வண்ணம், அவ்வளவே. நட்சத்திர நடிகரின் புன்னகைக்கு அங்கே இடமில்லை. நடிகனுக்குப் பெயரில்லை, நாடகத்துக்குப் பெயருண்டு. எங்கே, என்று, என்ன கட்டணம் என்ற செய்தியுண்டு. வறுமையே அழகை வகுத்துக் கொடுத்தது. இன்று ஏலக்கூடங்களில் அந்தக் காகிதங்களை ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குவோர், 'என்னே எளிமை' என்று வியக்கிறார்கள். எளிமை ஒரு கொள்கையாக வந்ததன்று, தோழர்களே. வண்ணத்துக்கொரு சட்டம் கட்டவேண்டிய செலவிலிருந்து வந்தது.

ஒரே ஒரு நாடகத்தின் விளம்பரத்தைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். 1936 ஏப்ரல் 14. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லம். அங்குள்ள லாபயட் அரங்கு. அந்நாளைய வழக்கின்படி 'நீக்ரோ பிரிவு' என்று அழைக்கப்பட்ட குழு ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தை நடித்தது. இயக்கியவர் ஆர்சன் வெல்ஸ், வயது இருபது! குழுவின் பொறுப்பாளர் ஜான் ஹவுஸ்மன். ஸ்காட்லாந்தை விட்டுவிட்டு, ஹெய்ட்டியை ஒத்த ஒரு தீவுக்குக் கதையைக் கொண்டுபோனார்கள். சூனியக்காரிகளுக்குப் பதில் மந்திரவாதிகள், மேடையில் முரசுகள். நூற்றுக்கு மேற்பட்ட நடிகர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் ஷேக்ஸ்பியர் வசனம் பேசியறியாதவர்கள்.

நாடகம் தொடங்குமுன்னரே ஹார்லமில் முணுமுணுப்பு. வெள்ளை இளைஞன் வந்து நம்மை வைத்து வேடிக்கை காட்டப்போகிறான் என்று சிலர் ஐயுற்றனர். நியாயமான ஐயம், அந்த நாட்டு மேடையில் கறுப்பு மனிதன் சிரிப்பு மூட்டும் வேலைக்காரனாக வந்தே பழகியிருந்தான். அரங்கத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? சுவரொட்டி போதாதென்று, ஹார்லம் தெருமுனைகளின் நடைபாதைகளிலே, இரவில் ஒளிரும் சாயத்தால் 'மாக்பெத்' என்ற ஒற்றைச் சொல்லை அச்சுத் தகட்டுக்கொண்டு பதித்துவிட்டார்கள். நடந்து போகிறவன் காலடியிலே நாடகத்தின் பெயர் மின்னுகிறது! தொடக்க நாளன்று கூடியவர்கள் பத்தாயிரம் பேர் என்று கணக்கிட்டார்கள். போக்குவரத்து நின்றது. பிறகு வாரக்கணக்கில் கூட்டம். அதன்பின் வெள்ளையர் பகுதி அரங்கு. அதன்பின் பல நகரங்களுக்குச் சுற்றுப்பயணம். அரசனாகவும் அரசியாகவும் படைத் தலைவனாகவும் நின்றவர்கள் கறுப்பு மனிதர்கள். அவர்களை அறிவித்த சுவரொட்டியில் அமெரிக்க அரசின் அமைப்பின் பெயர். தென் மாநிலங்களில் பேருந்தில் முன் இருக்கை மறுக்கப்பட்ட காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் காகிதம் எவ்வளவு பெரிய காகிதம் என்பது விளங்கும்.

இன்னொன்று. சின்க்ளேர் லூயிஸ் ஒரு நாவல் எழுதினார். அமெரிக்காவிலும் சர்வாதிகாரம் வரக்கூடும் என்பது அதன் கரு. 'இங்கே அது நடக்காது' என்று பெயர் வைத்தார். எல்லா நாட்டிலும் எல்லோரும் சொல்லும் சொல்லை எள்ளலாக வைத்த பெயர். ஹாலிவுட்டின் பெரிய நிறுவனம் ஒன்று அதைப் படமாக்க உரிமை வாங்கி, 1936 தொடக்கத்தில் கைவிட்டுவிட்டது. பணம் போட்ட முதலாளிக்குத் துணிவில்லை. வேலையற்றோர் நாடகத் திட்டமோ, 1936 அக்டோபர் 27 அன்று, 21 அரங்குகளில் ஒரே நாளில் அதை அரங்கேற்றியது. ஆங்கிலத்தில் மட்டுமன்று, இத்திய மொழியில் ஒன்று, ஸ்பானிய மொழியில் ஒன்று, கறுப்பினக் குழு ஒன்று. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு ஒரே வாரம் இருந்த நேரம்! அந்த நாடகத்துக்கான சுவரொட்டி ஒன்று இன்றும் இருக்கிறது. அமெரிக்க வரைபடம், அதற்குப் பின்னே, துப்பாக்கி ஏந்தி, மலைபோல் எழுந்து நிற்கும் ஹிட்லரின் உருவம். சொல் சொல்லுகிறது, நடக்காது என்று. படம் சொல்லுகிறது, இதோ நின்றுகொண்டிருக்கிறான் என்று. ஹிட்லரோடு அமெரிக்கா போரிட இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. தனியார் ஒதுங்கிய இடத்தில் நிவாரணக் கூலிக்காரன் எச்சரித்தான்.

நண்பர் ஒருவர் முன் வரிசையிலே தலையை ஆட்டுகிறார். அவர் எண்ணுவது எனக்குக் கேட்கிறது. 'சோறிடுகிற கை கழுத்தையும் பிடிக்காதோ? அரசு பணம் கொடுத்தால் அரசின் பாட்டைத்தானே பாடவேண்டும்?'

பிடித்தது, தோழர்களே. கழுத்தைப் பிடிக்கத்தான் செய்தது. 'வாழும் நாளிதழ்' என்று ஒரு வகை நாடகத்தை இவர்கள் படைத்தார்கள். நாட்டு நடப்பை, செய்தித்தாளை விரித்தாற்போல, மேடையில் விரிக்கும் நாடகம். முதலாவது, முசோலினியின் எத்தியோப்பியப் படையெடுப்பைப்பற்றியது. வேற்று நாட்டுத் தலைவரை மேடையில் காட்டக்கூடாதென்று 1936 சனவரியில் வாஷிங்டனிலிருந்து தடை வந்தது. நியூயார்க் பொறுப்பாளராயிருந்த நாடக ஆசிரியர் எல்மர் ரைஸ் பதவியைத் தூக்கி எறிந்தார். அந்த நாடகம் மக்கள் முன் வரவே இல்லை. 1937-இல் மின்சாரத்தைப்பற்றி ஒரு வாழும் நாளிதழ் வந்தது. டென்னசி பள்ளத்தாக்கில் அரசே மின்சாரம் உற்பத்தி செய்வதை ஆதரித்தது. அது அரசின் பாட்டன்றோ என்றால், ஆம், அரசுக்கு உவப்பான பாட்டுத்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பிரிவினர் 1938 சனவரியில், நாட்டில் மூன்றில் ஒரு பங்கினர் குடியிருக்கத் தகாத வீடுகளில் கிடக்கிறார்கள் என்று, மேடைமீது பாழடைந்த மாடிக் குடியிருப்பை முழு உயரத்துக்கு எழுப்பிக் காட்டினார்கள். தலைப்போ, ரூஸ்வெல்ட் தம் பதவியேற்பு உரையில் ஒப்புக்கொண்ட தொடரிலிருந்தே எடுத்தது! நியூயார்க்கில் மட்டும் 237 முறை நடந்தது. ஆட்சியாளர் சொன்ன சொல்லையே எடுத்து ஆட்சியாளர் வீட்டு வாயிலில் மாட்டுவது புகழ்ச்சியா, கணக்குக் கேட்பதா? நீங்களே முடிவு செய்யுங்கள்.

கழுத்தைப் பிடித்த கை இன்னும் இறுகிய ஒரு நாளும் உண்டு. 1937 சூன். எஃகுத் தொழிலாளர் சங்கம் அமைப்பதைப்பற்றிய இசை நாடகம். இயற்றியவர் மார்க் பிளிட்ஸ்டைன். வெளியே எஃகு ஆலைகளில் உண்மையான வேலைநிறுத்தம் கொழுந்துவிட்டுக்கொண்டிருந்தது. சூலைக்கு முன் புதிய நாடகம் எதுவும் தொடங்கக்கூடாதென்று திடீர்க் கட்டளை பிறந்தது. செலவுக் குறைப்பாம்! அரங்கைப் பூட்டிக் காவல் போட்டார்கள். சூன் 16 மாலை, பார்க்க வந்த கூட்டத்தையும் நடிகர்களையும் அழைத்துக்கொண்டு, வெல்ஸும் ஹவுஸ்மனும் 21 தெருக்கள் தாண்டி நடந்து, காலியாயிருந்த வேறொரு கொட்டகையைப் பிடித்தார்கள். நடிகர்கள் மேடையேறக்கூடாதென்று அவர்கள் சங்கமே தடுத்திருந்தது. எனவே மேடையில் பியானோவோடு பிளிட்ஸ்டைன் தன்னந்தனியே. அவர் முதல் பாட்டைத் தொடங்கியதும், பார்வையாளர் நடுவே அமர்ந்திருந்த பெண்ணொருத்தி எழுந்து, தன் இடத்திலிருந்தபடியே பாட்டைத் தொடர்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். அரசு பூட்டியது, அரசின் கூலிக்காரர்களே திறந்தார்கள். அந்தப் பெண் வாரக் கூலியை நம்பி வாழ்ந்தவள் என்பதை எண்ணும்போது, அந்தப் பியானோவைவிட அந்த எழுந்து நிற்றல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இத்தனையும் பொறுப்பார்களா? 1938-இல் காங்கிரசில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அமெரிக்காவுக்கு ஒவ்வாத நடவடிக்கைகளை ஆராயுமாம். தலைவர், டெக்சாஸ் உறுப்பினர் மார்டின் டைஸ். ஜெர்மானிய நாஜிகளின் கிளைகள் அமெரிக்காவிலே ஊர்வலம் போன காலம் அது. குழுவின் கண்ணோ நாடகக் கொட்டகைமீது பாய்ந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஒன்றாக நிற்பதுகூடக் குற்றச்சாட்டுகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. மாதக்கணக்கில் எதிர்ச்சாட்சியங்களைக் கேட்டபின், 1938 டிசம்பர் 6 அன்றுதான் பிளானகன் அம்மையாரை அழைத்தார்கள். பழைய ரஷ்யப் பயணத்தைக் கிளறினார்கள். பல ஆண்டுகளுக்குமுன் அவர் எழுதிய கட்டுரையைத் தோண்டினார்கள். அதிலே, தொழிலாளர் நாடகக் குழுக்களின் வேகத்தை, மார்லோவின் வேகத்துக்கு ஒப்பிட்டு ஒரு தொடர் எழுதியிருந்தார். அலபாமா உறுப்பினர் ஸ்டார்ன்ஸ் கேட்டார்: இந்த மார்லோ என்பவர் யார், பொதுவுடைமைக்காரரா?

அவையில் சிரிப்பு. அம்மையார் சிரிக்கவில்லை. எட்டாயிரம் பேரின் சோறு அந்த மேசைமேல் இருக்கும்போது எப்படிச் சிரிப்பார்? ஷேக்ஸ்பியருக்குச் சற்று முந்திய காலத்தின் மிகச் சிறந்த நாடக ஆசிரியர் மார்லோ என்பதைக் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளுங்கள் என்று அமைதியாகச் சொன்னார். மார்லோ இறந்தது 1593-இல்!

இதை அறியாமை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள் பலர். நான் இன்னொன்றைச் சொல்லுகிறேன். அதே கூட்டரசு நாடகத் திட்டம், 1937 சனவரியில், அதே மார்லோவின் 'டாக்டர் பாஸ்டஸ்' நாடகத்தை நியூயார்க்கில் அரங்கேற்றியிருந்தது. மாதக்கணக்கில் நடந்த வெற்றி நாடகம். வாஷிங்டனில் உட்கார்ந்து ஒரு திட்டத்தை விசாரிக்கிறார். அந்தத் திட்டம் எந்தெந்த நாடகம் போட்டது என்ற பட்டியலைக்கூடப் புரட்டவில்லை. நூல் படிக்க வேண்டாம், தோழர்களே. நியூயார்க் தெருவில் ஒரு முறை நடந்து சுவரைப் படித்திருந்தால் போதும்! தெருவிலே போன கூலியாளுக்குத் தெரிந்திருந்த பெயர், விசாரிக்க வந்த உறுப்பினருக்குத் தெரியவில்லை.

சிரித்தவர்கள் வென்றார்களா? இல்லை. அம்மையார் இறுதியாக ஒரு வாக்குமூலம் தர விரும்பினார்; உணவு நேரம் வந்துவிட்டதென்று அவையைக் கலைத்தார்கள். அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. ஓவியத்துக்கும் இசைக்கும் எழுத்துக்கும் சில நிபந்தனைகளோடு உயிர்ப்பிச்சை; நாடகத்துக்கு மட்டும் ஒரு காசும் செலவிடக்கூடாதென்று பெயர் சொல்லி எழுதினார்கள். செலவு தாங்கவில்லை என்பதா காரணம்? நாலு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 4 கோடியே 60 இலட்சம் டாலர். ஒரு போர்க்கப்பல் கட்டும் செலவு என்று அம்மையார் ஒப்பிட்டுச் சொன்னார். டபிள்யு.பி.ஏ. வரவுசெலவிலே நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நிவாரணச் சட்டம் முழுவதும் ஒரே மசோதாவாக வந்ததால், ரூஸ்வெல்ட் வருத்தம் தெரிவித்துக்கொண்டே கையொப்பமிட்டார். 1939 சூன் 30 நள்ளிரவோடு திட்டம் முடிந்தது. ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மறுநாள் காலை மீண்டும் தெருவில்.

அந்தக் கடைசி இரவில் நியூயார்க்கின் ரிட்ஸ் அரங்கில் நடந்தது குழந்தைகள் நாடகம் 'பினாக்கியோ'. மரப் பொம்மை நல்ல பிள்ளையாகி, முடிவிலே உயிருள்ள சிறுவனாக மாறும் கதை. அன்று மட்டும் முடிவை மாற்றினார்கள். பினாக்கியோ மீண்டும் மரமாகிவிட்டான். பார்வையாளர் கண்ணெதிரே மேடைத் தொழிலாளர் காட்சிக் கட்டுகளை இடித்துத் தள்ளினார்கள். பொம்மையைப் பெட்டியில் கிடத்தினார்கள். பிறந்தது 1938 டிசம்பர் 23, காங்கிரசின் சட்டத்தால் கொல்லப்பட்டது 1939 சூன் 30 என்று எழுதி வைத்தார்கள். முன் வரிசைகளில் அமர்ந்திருந்த குழந்தைகள் அதை எப்படி விளங்கிக்கொண்டிருப்பார்களோ!

சுவரொட்டிக் கூடங்கள் இன்னும் சில காலம் ஓடின. போர் வந்ததும் போர்ப் பிரசாரத்துக்குத் திரும்பின, 1943-இல் டபிள்யு.பி.ஏ.வே மூடப்பட்டது. மொத்தம் சுமார் 35,000 வகைச் சுவரொட்டிகள், 20 இலட்சம் படிகள் அச்சாயின என்பது கணக்கு. நாடகம் மட்டுமன்று, காசநோய்த் தடுப்பு, நூலகம், தேசியப் பூங்கா என எல்லாவற்றுக்கும் அவர்களே அச்சிட்டார்கள். அவற்றுள் இன்று எஞ்சியிருப்பன சுமார் 2,000 மட்டுமே. சுவரொட்டியையாவது கிழிவதற்கென்றே அச்சிட்டார்கள். அரசு ஊதியம் பெற்ற ஓவியர்கள் துணியில் தீட்டிய ஓவியங்களையோ, போர்க் காலத்தில், நியூயார்க்கிலே பவுண்டு நாலு சென்ட் வீதம் எடைபோட்டுப் பழம்பொருள் வியாபாரிக்கு விற்றார்கள்.

நாடகத் திட்டத்தின் ஆவணங்கள் எங்கே போயின என்றுகூடப் பல ஆண்டுகள் எவருக்கும் தெரியாது. 1974-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர், லொரைன் பிரௌனும் ஜான் ஓகானரும், தேடிக்கொண்டு போனார்கள். மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோருக்கு அருகே, பழைய விமானக் கொட்டகை ஒன்றில், அடுக்கடுக்காகப் பெட்டிகள். நாடகப் பிரதிகள், ஆடை வரைபடங்கள், புகைப்படங்கள், சுவரொட்டிகள். முப்பத்தைந்து ஆண்டு இருட்டில் கிடந்த வண்ணங்கள் மங்காமல் இருந்தன. வெயில் படாததால் பிழைத்தன, ஒட்டப்படாததால் பிழைத்தன. இருபது ஆண்டு அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்துவிட்டு, 1994-இல் அவை வாஷிங்டனுக்குத் திரும்பின. இன்று காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. எந்தக் காங்கிரஸ் கொன்றதோ, அதே காங்கிரசின் பெயர் தாங்கிய நூலகத்தில்!

அவற்றின் படங்களை நான் பார்த்தேன். சிலவற்றின் ஓரத்தில் வரைந்தவர் பெயர் இருக்கிறது. பலவற்றில் இல்லை. சட்டம் இழுத்தவர், வண்ணம் கலந்தவர், ஈரம் உலரக் கொடியிலே மாட்டியவர் பெயர் எதிலுமே இல்லை. அரங்கின் பெயர், நடக்கும் நாள், நுழைவுக் கட்டணம் ஆகிய மூன்றும் தெருமுனையிலிருந்து படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன.